சிறுநீர் டியூபோடு வீட்டுக்கு வந்த அப்பாவைப் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, எடை 60 கிலோ. பிராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) 2.1 இருக்கிறது என்று சொல்லி, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். டியூபை எப்படிப் பராமரிப்பது? ஒருவர் தண்ணீர் நிறையக் கொடு என்கிறார். இன்னொருவர் கிட்னி கெட்டிருக்கிறது, தண்ணீரைக் குறை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருக்கலாம், ஆனால் ஒரே நாளைக்கு இரண்டும் பொருந்தாது. எந்த நாளைக்கு எது சரி என்பதை டியூபோடு மாட்டியிருக்கும் பையில் சேரும் சிறுநீரின் அளவுதான் சொல்லும். அதனால் மருந்துக் கடைக்குப் போகும்போது முதலில் வாங்க வேண்டியது 1 லிட்டர் அளவுக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜாடி. பையின் மேலே அச்சடித்திருக்கும் மில்லி கோடுகளை நம்பாதீர்கள். பை உப்பும்போதும் மடங்கும்போதும் அந்தக் கோடு தோராயம்தான். கூடவே ஒரு நோட்டு வேண்டும். தண்ணீர் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் டியூப்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதித் தவறு தானாகவே குறையும். போட்டிருப்பது ஃபோலி கதீட்டர். அதன் நுனி சிறுநீர்ப்பைக்குள் இருக்கிறது. நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன பலூன். அதில் 5 முதல் 10 மில்லி வரை ஸ்டெரைல் வாட்டர் நிரப்பியிருப்பார்கள். டியூப் வழுக்கி வெளியே வராமல் பிடித்துக்கொள்வது அந்தப் பலூன்தான், தையல் எதுவும் கிடையாது. வெளியே தெரியும் முனை இரண்டாகப் பிரியும். அகலமான கிளை பைக்குப் போகிறது. நிற வளையம் உள்ள ஒல்லிக் கிளை பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் வழி, அதை வீட்டில் யாரும் தொடக் கூடாது. அந்தக் கிளையின் மேல் எண் அச்சடித்திருக்கும். 16 என்றால் டியூபின் வெளிவிட்டம் சுமார் 5.3 மில்லிமீட்டர், ஏனென்றால் ஒரு எண் என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வளையம் ஆரஞ்சு நிறமென்றால் 16, பச்சையென்றால் 14, சிவப்பென்றால் 18. இந்த எண், பலூன் அளவு, டியூப் போட்ட தேதி, டியூபின் வகை நான்கையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். நடுராத்திரி வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் முதலில் கேட்பது இதைத்தான். மஞ்சள் கலந்த பழுப்பு நிறமென்றால் லேடெக்ஸ், கண்ணாடிபோல் தெரிந்தால் முழு சிலிகான். லேடெக்ஸை 2 முதல் 4 வாரத்துக்குள் மாற்ற வேண்டியிருக்கும். சிலிகான் அதிகபட்சம் 12 வாரம் வரை தாங்கும். அடிக்கடி அடைத்துக்கொள்பவர்களுக்கு அதற்கு முன்பே மாற்றுவார்கள்.

இனி முக்கியமான விதி. சிறுநீர்ப்பை, டியூப், பை மூன்றும் சேர்ந்து மூடிய ஒரே வழி. சிறுநீர் மேலிருந்து கீழே மட்டும் போக வேண்டும், இடையில் எங்கும் திறக்கக் கூடாது. வீட்டில் தொற்று வர இந்த இரண்டில் ஒன்றை மீறுவது ஒரு முக்கியக் காரணம். குளிக்க வைக்கும்போது "பை இடைஞ்சலாக இருக்கிறது" என்று டியூபையும் பையையும் பிரித்துவிட்டுப் பிறகு மாட்டுவது மிகப் பரவலான தவறு. பிரித்த நொடியில் கையில் இருக்கும் கிருமி நேரடியாக உள்ளே போகும் பாதை கிடைத்துவிடுகிறது. பையோடு சேர்த்தே குளிக்கலாம், தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. தொட்டியில் ஊறுவது மட்டும் வேண்டாம்.

பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும். கட்டிலில் படுத்திருக்கும்போது கட்டிலின் சட்டத்தில் கொக்கியால் மாட்டுங்கள். ஏற்றி இறக்கும் பக்கவாட்டுக் கம்பியில் மாட்டினால் அதை உயர்த்தும்போது பையும் மேலே போய்விடும். தரையில் பை படக் கூடாது. கட்டில் தாழ்வாக இருந்தால் சுத்தமான ஒரு பக்கெட்டுக்குள் பையை வைத்து, பக்கெட்டைத் தரையில் வையுங்கள். பாயில் படுத்தே பழக்கப்பட்டவர்கள் இங்கேதான் சிக்குவார்கள். தரையோடு தரையாகப் படுத்தால் பை வைக்கக் கீழே இடமே இல்லை. அப்பா எவ்வளவு மறுத்தாலும் டியூப் இருக்கும்வரை கட்டில்தான்.

ஆட்டோவில் போகும்போது கவனியுங்கள். எல்லோரும் பையை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொள்வார்கள். பார்க்க நாகரிகமாக இருக்கும், ஆனால் பையில் உள்ள பழைய சிறுநீர் குழாய் வழியாகத் திரும்பும். திரும்பவிடாத வால்வு சில பைகளில் உண்டு, மலிவான பைகளில் பெரும்பாலும் இருக்காது. கிளம்புமுன் பையைக் காலி செய்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்கும்படி துணிப்பைக்குள் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நடமாடுபவர் என்றால் காலில் கட்டும் சிறிய பை தனியாகக் கிடைக்கிறது. வேட்டிக்குள் தெரியாது.

அடுத்தது டியூபைத் தொடையில் நிறுத்துவது. இதைச் செய்யாமலேயே பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்பது எரிச்சலான உண்மை. நிறுத்தாவிட்டால் பையின் எடை முழுவதும் பலூனை இழுக்கும், பலூன் சிறுநீர்ப்பையின் கழுத்தை அழுத்தும். எப்போதும் சிறுநீர் வருவதுபோன்ற உணர்வு, வலி, இரத்தக் கசிவு எல்லாம் இதிலிருந்து வரும். வாரக்கணக்கில் இழுபட்டால் ஆண்களுக்குக் குறியின் நுனித் துவாரம் கீழ்ப்பக்கமாகப் பிளந்துகொண்டே போகும். அது பிறகு தானாகச் சரியாகாது. ஆண்களுக்கு மேல்தொடையிலோ அடிவயிற்றிலோ ஒட்டலாம், பெண்களுக்குத் தொடையின் உட்பக்கம். முடி இருந்தால் கத்தரியால் வெட்டுங்கள், சவரம் வேண்டாம். தோலின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டுங்கள். இரண்டாவது துண்டை டியூபைச் சுற்றிச் சேர்த்து, இரண்டு சிறகும் முதல் துண்டின் மேல் படியும்படி ஒட்டுங்கள். அப்போது டியூப் தோலை நேராக அழுத்தாது. ஒட்டிய இடத்துக்கும் குறிக்கும் நடுவே டியூப் லேசாகத் தளர்ந்திருக்க வேண்டும். காலை நீட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, இழுக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். தினமும் தொடையை மாற்றுங்கள். டியூபின் இரண்டு கிளைகளும் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே ஒட்டுவது நல்லது. பலூன் கிளையின் மேல் பிளாஸ்டர் படக் கூடாது.

சுத்தம் செய்வதற்குப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. தினமும் ஒரு முறை, மலம் கழித்தபின் மறுபடி ஒரு முறை, சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். டெட்டால், சாவ்லான், பீட்டாடின் ஆகியவற்றைத் தினமும் போட்டால் தோல் காய்ந்து எரியும், தொற்று அதனால் குறைவதில்லை. பவுடரும் வேண்டாம். கையைக் கழுவிவிட்டு, முன்தோலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, நுனியைக் கழுவுங்கள். பிறகு டியூபை ஒரு கையால் குறிக்கு அருகில் அசையாமல் பிடித்துக்கொண்டு, உடலிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி 10 சென்டிமீட்டர் அளவுக்குத் துடைத்து வாருங்கள். பைப் பக்கத்திலிருந்து உடலை நோக்கித் துடைக்கக் கூடாது. முடிந்ததும் முன்தோலை மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இது சின்ன விஷயம்போல் தெரியும். பின்னுக்குத் தள்ளிய தோல் அப்படியே இருந்துவிட்டால் சில மணி நேரத்தில் நுனி வீங்கித் தோல் இறுகி, ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும்.

பையை முக்கால் வயிறு நிரம்பும் வரை விடாதீர்கள். 2 லிட்டர் பை பாதி நிரம்பினாலே எடை டியூபை இழுக்க ஆரம்பிக்கும். கையைக் கழுவி, கையுறை போட்டு, ஜாடியைப் பைக்குக் கீழே வைத்து, அடி வால்வைத் திறங்கள். வால்வின் நுனி ஜாடியில் படக் கூடாது. வடிந்ததும் மூடி, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அளவை எழுதிவிட்டுக் கழிப்பறையில் கொட்டுங்கள். ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து உலர்த்துங்கள். அந்த ஜாடி வேறு எதற்கும் வேண்டாம், வீட்டில் இன்னொருவருக்கும் டியூப் இருந்தால் அவருக்கும் வேறு ஜாடி. பையை 5 முதல் 7 நாளைக்கு ஒரு முறை மாற்றுவது நடைமுறையில் சரியாக வரும். ஓட்டை, நாற்றம், அடியில் மண்டி கட்டுதல் இருந்தால் உடனே மாற்றலாம். மூடிய வழியைத் திறக்க நியாயமான காரணம் இது ஒன்றுதான். அப்போதும் இணைப்பை ஸ்பிரிட்டால் துடைத்தபின், புதுப் பையின் முனையைக் கையால் தொடாமல் நேராக மாட்டுங்கள்.

இப்போது பலரைப் பதறவைக்கும் விஷயம், பையில் சிறுநீர் சேராமல் நிற்பது.

60 கிலோ எடைக்கு மணிக்கு 30 மில்லி என்பது குறைந்தபட்சக் கணக்கு, அதாவது கிலோவுக்கு அரை மில்லி. 4 மணி நேரத்தில் 120 மில்லிக்கும் குறைவாக இருந்தால் காரணம் தேட வேண்டும். காரணம் இரண்டே வகை. ஒன்று, சிறுநீர் உருவாகிறது, வர வழி இல்லை. மற்றது, உருவாகவே இல்லை. முதலாவதில் அடிவயிறு உப்பித் தொட்டால் கெட்டியாக இருக்கும், அப்பா நிலைகொள்ளாமல் புரள்வார், வியர்க்கும். இரண்டாவதில் அடிவயிறு மெத்தென்று இருக்கும், வாய் உலர்ந்திருக்கும், வரும் கொஞ்சமும் அடர்மஞ்சளாக இருக்கும்.

வழி அடைத்திருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். டியூப் தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறதா, குழாயை மூடும் கிளிப் (கிளாம்ப்) மூடியிருக்கிறதா, குழாய் மடங்கியோ தொங்கலாக வளைந்து சிறுநீர் அங்கேயே தேங்கியோ இருக்கிறதா? பை மேலே ஏறிவிட்டதா, நிரம்பி வழிகிறதா? எல்லாம் சரியென்றால் அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், முடிந்தால் உட்காரவைத்து நிற்கவையுங்கள். டியூபின் கண்துளை சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டியிருந்தால் நிலை மாறும்போது விடுபடும். கடைசியாக மலச்சிக்கலைக் கேளுங்கள். மூன்று நாள் தேங்கிய மலம் பின்னாலிருந்து டியூபை நசுக்கும். இத்தனைக்கும் பிறகு வராவிட்டால், அடிவயிறும் உப்பியிருந்தால், டியூப் உள்ளே அடைத்திருக்கிறது. சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றித் தள்ளிப் பார்க்காதீர்கள். பழகாதவர் கையில் அது அழுத்தத்தோடு சிறுநீரைச் சிறுநீரகம் நோக்கித் தள்ளும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் டியூபை மாற்றுங்கள். காத்திருந்தால் அப்பாவின் கிரியேட்டினின் மீண்டும் ஏறும், முதலில் அது ஏறியதே இந்தத் தேக்கத்தால்தான்.

அடைப்புக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. புரோட்டியஸ் போன்ற சில கிருமிகள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். சிறுநீர் காரத்தன்மை அடைந்து, மெக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து உப்புப் படிமமாக டியூபின் துளையில் படியும். பழைய டியூபை வெளியே எடுத்தால் நுனியில் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். இப்படி அடைத்துக்கொள்ளும் ஆள் என்று தெரிந்தால் ஒவ்வொரு அடைப்பின் தேதியையும் குறித்து, எத்தனையாவது நாளில் அடைக்கிறது என்று கண்டு, அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே டியூபை மாற்றச் சொல்லுங்கள். சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று ஸ்கேனும் பார்ப்பார்கள்.

டியூபுக்கு வெளியே, ஓரமாகச் சிறுநீர் கசிந்தால் "டியூப் சின்னது, பெரிய சைஸ் போடுங்கள்" என்று கேட்காதீர்கள். பெரும்பாலும் அது சிறுநீர்ப்பை துடிப்பதால் வருவது. உள்ளே ஒரு பலூன் உருண்டுகொண்டிருந்தால் சிறுநீர்ப்பை அதைத் தள்ளத்தான் பார்க்கும். அந்த நேரத்தில் அடிவயிற்றில் சுரீரென்று பிடித்து, கூடவே கசியும். பெரிய டியூபும் பெரிய பலூனும் துடிப்பை அதிகமாக்கும். அடைப்பு இல்லை, மலச்சிக்கல் இல்லை, இழுப்பு இல்லை என்று உறுதி செய்தபின்னும் கசிந்தால், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை டாக்டர் தருவார். அந்த மாத்திரைகளில் சில வாயை உலர்த்தும், மலத்தை இறுக்கும். எனவே மருந்தோடு மலச்சிக்கலுக்கும் ஏற்பாடு கேட்டு வாங்குங்கள்.

சிறுநீரின் நிறம் பற்றி. டியூப் போட்ட முதல் ஓரிரு நாள் இளஞ்சிவப்பாக இருப்பது சகஜம். ரொம்ப நாள் உப்பியிருந்த சிறுநீர்ப்பை திடீரென்று வடியும்போது உட்சுவரிலுள்ள சின்ன இரத்தக் குழாய்கள் கசியும். நாளுக்கு நாள் வெளுக்க வேண்டும். கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலோ தக்காளிச் சாறுபோல் ஆனாலோ உடனே காட்ட வேண்டும், கட்டி டியூபை அடைத்துவிடும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் சிறுநீர் பளீரென மஞ்சளாகும், காசநோய் மருந்து ரிஃபாம்பிசினில் ஆரஞ்சாகும், பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிவக்கும். பையே ஊதா நிறமானால் ஊரைக் கூட்ட வேண்டாம். மலச்சிக்கலுள்ள, நாள்பட டியூப் வைத்திருக்கும் முதியவர்களிடம் இது நடப்பது உண்டு. குடலில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைக் கிருமிகள் உடைக்க, அதன் கழிவு சிறுநீரில் வந்து, பையில் உள்ள வேறு கிருமிகளால் நீலமும் சிவப்புமான சாயமாக மாறி பிளாஸ்டிக்கில் ஏறுகிறது. பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் ஆபத்தில்லை. மலச்சிக்கலைச் சரிசெய்து, டியூபையும் பையையும் மாற்றினால் போய்விடும். காய்ச்சல் கூட இருந்தால் மட்டும் கதை வேறு.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் உறவினர்கள் டாக்டருக்கு நெருக்கடி கொடுப்பது வழக்கம். கேளுங்கள்: டியூப் உள்ளே இருந்தால் ஒவ்வொரு நாளும் 100 பேரில் 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் கிருமி ஏறுகிறது. ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லோருக்குமே இருக்கும். ஆகவே காய்ச்சலோ வலியோ இல்லாமல் சும்மா ஒரு கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தால் கிருமி வரத்தான் செய்யும். அதற்கு மாத்திரை கொடுத்தால் அந்தக் கிருமி போய், மருந்துக்கு அடங்காத வேறொன்று குடியேறும். நாற்றம் அடிக்கிறது, கலங்கலாக இருக்கிறது என்பதும் தனியாகக் காரணம் ஆகாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுவது, குளிர் நடுக்கம், விலாவுக்குப் பின்னால் வலி, அடிவயிற்றில் புது வலி, திடீரென்று பேச்சில் தடுமாற்றம் அல்லது மயக்கம் ஆகியவைதான் உண்மையான சமிக்ஞை. முதியவர்களுக்குக் காய்ச்சல் தெரியாமலேயே சோர்வும் சாப்பிட மறுப்பும் மட்டும் தெரியலாம்.

பரிசோதனைக்குச் சிறுநீர் எடுத்துக் கொடுக்கும்போது பையின் அடி வால்விலிருந்து பிடிக்காதீர்கள். மணிக்கணக்கில் தேங்கிய சிறுநீரில் எல்லாக் கிருமியும் வளர்ந்திருக்கும். மாதிரி எடுப்பதற்கென்று குழாயில் ரப்பர் பகுதி இருக்கும், செவிலியர் அங்கே ஊசியால் எடுப்பார். டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், தொற்று என்று சந்தேகிக்கும்போது புது டியூப் மாற்றி அதிலிருந்து மாதிரி எடுப்பதே நியாயம். பழைய டியூபின் உள்சுவரில் கிருமிகள் படலமாகப் படிந்திருப்பதால் முடிவு தப்பாக வரும்.

இனி தண்ணீர். அடைப்பு நீங்கியதும் முதல் சில நாளில் சிறுநீர் மிக அதிகமாக வருவது வழக்கம். அடைபட்டிருந்த காலத்தில் உடலில் தேங்கிய உப்பும் யூரியாவும் வெளியேறும், அழுத்தத்தில் நலிந்திருந்த சிறுநீரகத்துக்கும் சிறுநீரைச் சுண்டவைக்கும் திறன் குறைந்திருக்கும். மணிக்கு 200 மில்லிக்கு மேல் தொடர்ந்து இரண்டு மணி நேரம், அல்லது 24 மணி நேரத்தில் 3 லிட்டருக்கு மேல் வந்தால் அது சாதாரணமல்ல. குடித்து ஈடுகட்ட முடியாமல் தலைசுற்றல், இரத்த அழுத்த வீழ்ச்சி, பொட்டாசியம் குறைவு எல்லாம் நேரலாம். ஆஸ்பத்திரியிலிருந்தபோதே இது முடிந்திருக்கும், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் 3 லிட்டரைத் தாண்டினால் சொல்லிவிடுங்கள். "தண்ணீரை நிறையக் கொடு" என்றது இந்தக் கட்டத்தில் பொருந்தும்.

அப்பாவின் சிறுநீர் நாளொன்றுக்கு 1½ முதல் 2 லிட்டர் வந்து, காலில் வீக்கமும் மூச்சுத்திணறலும் இல்லாமல், இதயக் கோளாறும் இல்லாவிட்டால், எல்லாமாகச் சேர்த்து 2 லிட்டர் அளவில் குடிக்கட்டும். வெயில் காலத்தில் கொஞ்சம் கூடும். குடிநீர் மட்டுமல்ல, கஞ்சி, ரசம், மோர், காபி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் கணக்கு. வீட்டு டம்ளரில் ஒரு முறை தண்ணீர் நிரப்பி அந்த ஜாடியில் ஊற்றிப் பாருங்கள், எத்தனை மில்லி என்று தெரிந்துவிடும். பிறகு டம்ளர் கணக்கு எழுதினால் போதும். இரவில் கொஞ்சமும் பகலில் அதிகமுமாகப் பிரித்துக் கொடுங்கள். குளிர்ந்த காற்றில் தாகம் தெரியாது, வயதானவருக்குத் தாகமே குறைவு. கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

சிறுநீர் 400 மில்லிக்கும் கீழே போய்விட்டாலோ, கணுக்கால் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ "குறை" என்றவர் சரி. அப்போது சொல்லப்படும் கணக்கு, முந்தின நாள் வந்த சிறுநீர் அளவு, அதோடு 500 மில்லி. அந்த 500 வியர்வையிலும் மூச்சிலும் போவதற்கு. ஆனால் இப்படிச் சிறுநீர் குறைந்துபோனவருக்கு வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். டியூப் அடைத்து அளவு குறைவதற்கும் சிறுநீரகம் நின்று குறைவதற்கும் உள்ள வித்தியாசம் ஆஸ்பத்திரியில்தான் தெளிவாகும்.

தண்ணீர்க் கணக்கைச் சரிபார்க்க எளிய வழி எடை. காலையில் பையைக் காலி செய்தபின், ஒரே மாதிரி உடையில், சாப்பிடுமுன் எடை பாருங்கள். ஒரு நாளில் 1 கிலோ ஏறினால் அது 1 லிட்டர் தண்ணீர், சதை அல்ல. எடை இறங்கி, நிற்கும்போது தலை சுற்றினால் அப்பா காய்ந்துபோகிறார் என்று பொருள்.

கிரியேட்டினின் 2.1 என்பதைப் பார்த்து டயாலிசிஸ் வரை யோசிக்க வேண்டாம். தடையினால் ஏறியது தடை நீங்கியபின் நாள்களிலும் வாரங்களிலும் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பது எத்தனை காலமாகத் தேங்கியிருந்தது என்பதைப் பொறுத்தது. அதற்காகவே கிரியேட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்கச் சொல்லியிருப்பார்கள், அந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள். அதுவரை மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை மாத்திரை வேண்டாம், அவை சிறுநீரகத்துக்கு இரத்தம் போவதைக் குறைக்கும். வலிக்குப் பாரசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். சர்க்கரை நோயாளி என்றால் மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் போன்றவை இந்தக் கிரியேட்டினினில் தொடரலாமா என்று கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் எல்லாவற்றையும் நிறுத்திப் பட்டினி போடாதீர்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்டால் உப்பில் பாதிப் பிரச்சினை தீரும். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் பாக்கெட் இன்னும் மோசம், அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இளநீரை உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினமும் கொடுப்பார்கள். ஒரு இளநீரில் சுமார் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியம் அளவு தெரியாமல் கொடுக்க வேண்டாம், ஏறினால் இதயத் துடிப்பையே கெடுக்கும். வாழைத்தண்டுச் சாறுக்கும் அதே எச்சரிக்கை, டியூப் உள்ளவருக்கு அதனால் தனிப்பலன் எதுவும் இல்லை. நட்சத்திரப் பழம் மட்டும் கண்டிப்பாகக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களில் அது விடாத விக்கலும் வலிப்பும் வரை கொண்டுபோகும். காய்களை நறுக்கி ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் ஓரளவு போகும். குக்கரில் வேகவைத்துத் தண்ணீரோடு குழம்பாக்கினால் போகாது. நார்ச்சத்து குறையக் கூடாது, மலம் இளகியிருப்பதுதான் டியூபுக்கும் நல்லது.

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் முதியவர்கள் டியூபை இழுப்பதுண்டு. கையைக் கட்டிப் போடுவது தீர்வல்ல. அதனால் கலக்கம் அதிகமாகும். சரியாக ஒட்டியிருக்கிறதா, எங்காவது உறுத்துகிறதா என்று முதலில் பாருங்கள், டியூபை வேட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாதபடி வையுங்கள், இரவு விளக்கு மங்கலாக எரியட்டும். பலூனோடு டியூப் வெளியே வந்துவிட்டால் அதைக் கழுவித் திரும்ப நுழைக்காதீர்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வந்த டியூபையும் எடுத்துப் போங்கள். நுனி முழுமையாக வந்ததா, பலூன் கிழிந்து துண்டு உள்ளே தங்கியதா என்று அங்கே பார்ப்பார்கள். வராமல் பாதியில் நிற்கிறது என்று டியூபைக் கத்தரியால் வெட்டுவது மிகப் பெரிய தவறு.

தண்டுவடம் அடிபட்டு மார்புக்குக் கீழே உணர்வில்லாதவரைப் பார்த்துக்கொள்பவர் இதைப் படித்தால் ஒரு சேதி. அவர்களுக்கு டியூப் மடங்கினாலே திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலி, முகம் சிவந்து வியர்த்தல், இரத்த அழுத்தம் ஏறுதல் நேரலாம். உட்காரவைத்து உடனே டியூபைச் சரிபாருங்கள். அடைப்பு நீங்கியும் அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது என்றால்: அடிவயிறு உப்பிச் சிறுநீர் வராதபோது, இரத்தக் கட்டி வரும்போது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும்போது, ஆள் குழம்பிப் பேசும்போது, வாந்தியும் மூச்சுத்திணறலும் சேரும்போது. இவற்றுக்கு மூன்று வாரம் கழித்து என்ற தேதி கணக்கில்லை. வீட்டிலிருந்து கூட்டிப்போவது சிரமமான நிலை என்றால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நோய்த்தணிப்புச் செவிலியர் உங்கள் பகுதிக்கு வருகிறாரா என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். டியூப் மாற்றுவதற்காக ஆம்புலன்ஸ் பிடிக்கும் செலவு பலருக்கு அதில் மிச்சமாகிறது.

டியூபை எடுக்கும் நாள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் மாத்திரை கொடுத்திருப்பார்கள். படுக்கப் போகுமுன் சாப்பிட்டு, எழும்போது மெதுவாக எழச் சொல்லுங்கள், தலை சுற்றி விழும் ஆபத்து உண்டு. சளிக்கு என்று மருந்துக் கடையில் தரும் கலவை மாத்திரையை இந்தக் காலத்தில் கொடுக்காதீர்கள். அதில் உள்ள குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் இரண்டுமே சிறுநீரை மறுபடி அடைத்துவிடும். டியூபைக் காலையில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், மாலையில் எடுத்தால் அடைப்பு நள்ளிரவில் வரும். எடுத்த பிறகு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, ஒவ்வொரு முறை வரும் சிறுநீரையும் அதே ஜாடியில் பிடித்து அளவும் நேரமும் எழுதுங்கள். 4 முதல் 6 மணி நேரத்துக்குள் வராவிட்டாலோ, 50 மில்லி, 60 மில்லியாகச் சொட்டிக்கொண்டே இருந்தாலோ, ராத்திரி வரை பார்க்காமல் பகலிலேயே திரும்பிப் போங்கள். வெளியே வந்ததை அளந்த அந்தக் காகிதத்தையும், கழிந்தபின் உள்ளே எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் ஸ்கேனையும் வைத்துத்தான் டியூப் தேவையா, அறுவை தேவையா என்று முடிவெடுப்பார்கள்.